ராத்திரி 2.40-க்கு வந்தது யாரு?

கல்யாண வீட்டுக்குப் போனா, பந்தி எங்கேன்னு தேடுறதுக்கு முன்னாலயே கண்ணுல படுறது அந்த மேஜைதான். நீளமா ஒரு நோட்டு, ஒரு பேனா, பக்கத்துல ஒரு மஞ்சப்பை. பேரு, ஊரு, தொகை... மூணே கேள்வி. மொய் எழுதுறவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஆனா, யார் வந்தாங்க, யார் டேக்கா குடுத்தாங்கங்கிறது மறுநாள் காலையில அந்த வீட்டுக்கே அத்துப்படி!

இப்ப கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. ஊருக்குள்ள புதுசா ஒருத்தர் வர்றார். “உங்க வீட்டு விசேஷத்துக்கு மொய் நானே எழுதித் தர்றேன். காசு வேணாம். நோட்டு என்னோடது, பேனாவும் என்னோடது. மறுநாள் கணக்கு பைசா சுத்தமா உங்க கைக்கு வந்துடும்” என்கிறார். ஓசியில கிடைச்சா விடுவோமா? எல்லா வீட்டுலயும் அவருக்கே மேஜை போட்டாச்சு. கொஞ்ச நாள்ல பார்த்தா ஆஸ்பத்திரி வாசல், அடகுக்கடை வாசல், வக்கீல் ஆபீஸ் வாசல், காலேஜ் கேட்... எங்கே போனாலும் அதே ஆள், அதே நோட்டு! உங்க வீட்டுக் கணக்கு உங்களுக்கு வந்துடுது, சரி. ஆனா, ஊர் மொத்தக் கணக்கும் யார் கையில இருக்கு?

இணையத்துல இந்த ஏற்பாட்டுக்குப் பேருதான் ‘தேர்ட் பார்ட்டி அனலிடிக்ஸ்’. ஒரு பார்ட்டி, சைட் வெச்சிருக்கிற நீங்க. இன்னொரு பார்ட்டி, பார்க்க வர்றவங்க. மூணாவது, நோட்டோட உட்கார்ந்திருக்கிற அந்த வெளியாள். (‘பார்ட்டி’ன்னதும் ட்ரீட் ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பில்லை!) 2016-ல அமெரிக்காவுல இருக்கிற பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 10 லட்சம் சைட்களைத் திறந்து திறந்து பார்த்தாங்க. கிட்டத்தட்ட 70 சதவிகித சைட் வாசல்ல ஒரே ஒரு மொய்க்காரர்தான் உட்கார்ந்திருந்தார்... கூகுள் அனலிடிக்ஸ்.

எண்ணிப் பார்க்கிற ஆசை ஒண்ணும் புதுசு இல்லை. உங்க அண்ணன், அக்கா காலத்து வெப்சைட்களோட அடியில ஆட்டோ மீட்டர் மாதிரி ஒரு குட்டி டப்பா இருக்கும். ‘நீங்கள் 000347-வது பார்வையாளர்’னு பந்தாவா ஒரு நம்பர் ஓடும். அதுல பாதியை, சைட் ஓனரே ப்ரௌசிங் சென்டர்ல உட்கார்ந்து எஃப்5 பட்டனைத் தட்டித் தட்டி ஏத்தியிருப்பார். வெறும் எண்ணிக்கைதான் தெரியும். எங்கே இருந்து வந்தாங்க, எதைப் படிச்சாங்க, எப்ப கிளம்பினாங்க... மூச்! அந்தக் குறையைத் தீர்க்க 1999-ல அயர்லாந்துல 16 வயசுப் பையன் ஒருத்தர் ஆரம்பிச்சதுதான் ‘ஸ்டாட்கவுண்டர்’. நாம ப்ளஸ் ஒன் டியூஷனுக்கு ஓடிட்டிருந்த வயசு!

அப்புறம் வந்தது சுனாமி. சான் டியாகோவுல ‘அர்ச்சின்’னு ஒரு கம்பெனி, சைட்டுக்கு வர்றவங்களை அலசித் தர்ற சாஃப்ட்வேரைக் காசுக்கு வித்துட்டிருந்தது. 2005 ஏப்ரல்ல கூகுள் அந்தக் கம்பெனியை வளைச்சுப் போட்டு, அதே வருஷம் நவம்பர்ல ‘எல்லாருக்கும் இலவசம்’னு கதவைத் திறந்துவிட்டது. கூட்டம் தாங்கலை. சில நாள்லயே கதவைச் சாத்தி, ‘கூப்பிடும்போது வாங்க’ன்னு வரிசையில நிக்க வெச்சாங்க. மறுபடி எல்லாருக்கும் திறந்தது 2006 ஆகஸ்ட்லதான். அர்ச்சின்ங்கிற பேரு இப்ப யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனா, அதோட ஆவி உங்க வாட்ஸ்அப்ல தினமும் வருது. ஃபார்வர்ட் ஆகுற லிங்க்ல கேள்விக்குறிக்கு அப்புறம் ‘யு.டி.எம்.’னு ஒரு நீள வால் தொங்குமே, பார்த்திருக்கீங்களா? அதோட விரிவு ‘அர்ச்சின் ட்ராக்கிங் மாட்யூல்’. இந்த லிங்க் எந்த ஊருணியில இருந்து கிளம்பி வந்ததுன்னு காட்டிக்குடுக்கிற அடையாளம் அது.

சரி, நோட்டுல என்னதான் எழுதறாங்க? மேட்டர் சிம்பிள். சைட் வெச்சிருக்கிறவர் தன் பக்கத்துல ரெண்டு மூணு வரி ஸ்கிரிப்ட்டை ஒட்டி வைக்கிறார். நீங்க அந்தப் பக்கத்தைத் திறந்ததும் உங்க ப்ரௌசர் அந்த வரியைப் படிக்குது. படிச்சதும், உங்களை ஒரு வார்த்தை கேட்காம, மூணாவது ஆளோட சர்வருக்கு ஓடிப்போய் ஒப்பிக்குது... என்ன பக்கம், என்ன நேரம், என்ன போன், ஸ்க்ரீன் எத்தனை அகலம், என்ன மொழி, இதுக்கு முன்னால எந்தப் பக்கத்துல இருந்து வந்தார். உங்க ஐ.பி. அட்ரஸ் சொல்லாமலே போய்ச் சேர்ந்துடும். அது இல்லாட்டி அந்த சர்வர் பதிலே அனுப்ப முடியாதே! ‘எங்கே இருந்து வந்தார்’ங்கிறதுக்கு ‘ரெஃபரர்’னு பேரு. 1996-ல வெளியான விதிமுறை ஆவணத்துலயே அந்த வார்த்தையில ஒரு ‘ஆர்’ விட்டுப்போச்சு. உலகம் பூரா இன்னிக்கு வரைக்கும் அந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோடவே ஓடிட்டிருக்கு. நம்ம இங்கிலீஷ் மிஸ்தான் பாவம், நமக்கு மட்டும் மார்க்கைக் குறைச்சாங்க!

அடுத்த முறை வரும்போது ‘இவர் ஏற்கெனவே வந்தவர்’னு அடையாளம் தெரியணும் இல்லையா? அதுக்குத்தான் குக்கீ. 1994-ல நெட்ஸ்கேப் கம்பெனி இன்ஜினீயர் லூ மான்டுலி கண்டுபிடிச்ச சமாச்சாரம். கூகுள் அனலிடிக்ஸ் உங்க ப்ரௌசர்ல ஒரு நம்பரை எழுதி வைக்கும். சாதாரணமா அதுக்கு ஆயுசு ரெண்டு வருஷம். இங்கே ஒரு விஷயம் நியாயமா சொல்லணும். அந்த நம்பர் ஒவ்வொரு சைட்டுக்கும் வேற வேற. அதனால ‘இந்த சைட்டுக்கு வந்தவரேதான் அந்த சைட்டுக்கும் போனார்’னு அதை மட்டும் வெச்சு ஒட்டிப் பார்க்க முடியாது. ஆனா, விளம்பரத்துக்கான ‘கூகுள் சிக்னல்ஸ்’ வசதியை சைட் ஓனர் ஆன் பண்ணி, நீங்களும் உங்க கூகுள் அக்கவுன்ட்ல விளம்பர செட்டிங்கை ஆன்லயே வெச்சிருந்தா, உங்க லேப்டாப்பும் போனும் ஒரே ஆளுன்னு அதுக்குப் புரிஞ்சுடும். பேஸ்புக்கோட ‘பிக்ஸல்’ இன்னும் வெளிப்படையானது. அது வந்ததே விளம்பரத்துக்காகத்தான்.

இவ்வளவு சொல்றவன் இதுக்கு எதிரின்னு நினைச்சுடாதீங்க. எங்க டிபார்ட்மென்ட் ஜூனியர்களுக்காக பழைய கொஸ்டின் பேப்பர், லேப் மேனுவல், சிலபஸ் எல்லாத்தையும் திரட்டி ஒரு சைட் நடத்தினோம். நான், என் ரூம்மேட், ஒரு சீனியர் அக்கா... மூணே பேர். அனலிடிக்ஸ் போட்ட பிறகுதான் எங்க சைட்டே எங்களுக்குப் புரிஞ்சது. ஆசை ஆசையா செஞ்ச முகப்புப் பக்கத்தை ஒருத்தரும் சீண்டலை. எல்லாரும் தேடல்ல இருந்து நேரா கொஸ்டின் பேப்பர் பக்கத்துல வந்து குதிக்கிறாங்க. லேப்டாப்ல பார்க்கிற ஆளே கிடையாது, அத்தனையும் போன். ஸ்கேன் பண்ணிப் போட்ட ஒரு பி.டி.எஃப். 18 எம்.பி. இருந்தது. அதைத் தொட்டவங்க எல்லாம் அடுத்த நொடியே ஓடியிருந்தாங்க. அதை 1 எம்.பி.யா சுருக்கினதும் அந்த செமஸ்டர் ஹிட்டே அந்த பேப்பர்தான்! எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு கிராஃப் ராக்கெட் மாதிரி செங்குத்தா எழும்பும் பாருங்க... நம்ம இனம் எங்கேயும் மாறலைன்னு ஒரு நிம்மதி!

ஆனா, அந்த ரிப்போர்ட்ல எதை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு. ஹாஸ்டல்ல எங்க பக்கத்து ரூம்ல உட்கார்ந்து பார்க்கிறவனை அது சென்னைங்கும். சில நாள் பெங்களூருங்கும். சில நாள் ‘தெரியலை’ன்னு கை விரிச்சுடும். காரணம், ஊர் பேரை அது ஐ.பி. அட்ரஸை வெச்சு ஊகிக்குது. மொபைல் நெட்ல போறவங்க எந்தப் பெரிய நகரத்து கேட்வே வழியா வெளியே போறாங்களோ, அந்த ஊர்க்காரங்களா ஆகிடுவாங்க. 

இதை ஜோக்கா மட்டும் எடுத்துக்க முடியாது. அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல பாட்வின்னு ஒரு குக்கிராமம். அதுக்குப் பக்கத்துல ஒரு பண்ணை வீடு. 2000-களோட தொடக்கத்துல இருந்து ‘மேக்ஸ்மைண்ட்’ங்கிற கம்பெனி ஐ.பி. அட்ரஸுக்கு இடம் சொல்ற பட்டியல் தயார் பண்ணி வித்துட்டிருந்தது. ஒரு அட்ரஸ் அமெரிக்காவுல எங்கேயோ இருக்கு, ஆனா ஊர் தெரியலைன்னா என்ன பண்றது? நாட்டோட நடு மத்தியில ஒரு புள்ளி வெச்சுடலாம்னு முடிவு பண்ணினாங்க. கணக்கு சுலபமா இருக்கட்டும்னு அட்சரேகை 38, தீர்க்கரேகை 97-ன்னு ரவுண்டு பண்ணிட்டாங்க. அந்தப் புள்ளி விழுந்த இடம் ஒரு மூதாட்டிக்குச் சொந்தமான அந்தப் பண்ணை! 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. அட்ரஸ்களுக்கு அந்த வீடுதான் விலாசம் ஆச்சு.

விளைவு என்ன தெரியுமா? யாரோ எங்கேயோ ஆன்லைன்ல ஏமாத்தினா, போலீஸ் இங்கே வந்து நிக்கும். ஓடிப்போன பிள்ளையைத் தேடி வருவாங்க. தற்கொலை பண்ணிக்கப் போறதா சொன்ன ஒருத்தரைக் காப்பாத்த ஆம்புலன்ஸ் வரும். வரி பாக்கிக்காரங்களைத் தேடி அதிகாரிங்க வருவாங்க. அங்கே குடியிருந்தவங்களுக்கு வருஷக்கணக்கா இது எதுக்குன்னே புரியலை. 2016-ல ஒரு பத்திரிகையாளர் துருவித் துருவித்தான் விஷயமே வெளியே வந்தது. அப்புறம் மேக்ஸ்மைண்ட் அந்தப் புள்ளியைத் தூக்கி ஒரு ஏரிக்கு நடுவுல வெச்சது. இப்ப போலீஸ் வந்தா மீனுங்கதான் பதில் சொல்லணும்!

இந்தக் கதையை மனசுல வெச்சுக்கிட்டு, மேட்டருக்கு வாங்க.

எங்க சைட்ல கொஸ்டின் பேப்பரைத் தவிர இன்னொரு பக்கமும் இருந்தது. ‘ராகிங்: யார்கிட்ட சொல்றது?’ எழுதினது அந்த சீனியர் அக்கா. 1996-ல மருத்துவ மாணவர் நாவரசு கொலை, அடுத்த வருஷமே தமிழ்நாட்டுல வந்த ராகிங் தடைச் சட்டம், 2009-ல யு.ஜி.சி. போட்ட விதிமுறை, 24 மணி நேரமும் எடுக்கிற 1800-180-5522 ஹெல்ப்லைன்... எல்லாத்தையும் ஒரே பக்கத்துல, பயமுறுத்தாத தமிழ்ல எழுதியிருந்தாங்க. புது வருஷம் தொடங்கி மூணாவது வாரம். சைட்டோட பொதுவான டெம்ப்ளேட்ல அனலிடிக்ஸ் இருந்ததால, அந்தப் பக்கத்துக்கும் கணக்கு வந்துட்டிருந்தது. ரூம்மேட் ரிப்போர்ட்டைத் திறந்துட்டுக் கூப்பிட்டான்.

“டேய்... இங்கே பாரு. ராத்திரி 2.40.”

ஒரே ஒருத்தர். நாலு ராத்திரியா தொடர்ந்து வந்திருக்கார். வேற எந்தப் பக்கமும் பார்க்கலை. நேரா அதே பக்கம். ஒருநாள் 2.40, ஒருநாள் 3.10. ஊர் பேரு வழக்கம்போல தப்பு. ஆனா, போன் மாடல் தெளிவா இருந்தது. எல்லார் கையிலயும் இருக்கிற மாடல் இல்லை அது. ரூம்மேட் மெதுவா சொன்னான்... “இந்த போன் ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டல்ல எத்தனை பேர்கிட்ட இருக்கும்? ரெண்டு பேர்? மூணு பேர்? மெஸ்ல ஒரு ரவுண்டு வந்தா தெரிஞ்சுடும்டா.”

அவன் கெட்ட எண்ணத்துல சொல்லலை. போய்ப் பேசலாம், தைரியம் குடுக்கலாம்னுதான் சொன்னான். எனக்கு அடிவயிறு ஜில்லுன்னு ஆச்சு. ‘யாருன்னே தெரியாத’ புள்ளிவிவரம்னு நாம நினைச்சுட்டிருக்கிறது, கூட்டம் பெருசா இருக்கிற வரைக்கும்தான். லட்சம் பேர் வர்ற சைட்ல போன் மாடல் ஒரு வெறும் தகவல். 300 பேர் இருக்கிற ஹாஸ்டல்ல அது கிட்டத்தட்ட ரோல் நம்பர்.

விஷயம் எப்படியோ கசிஞ்சு, அடுத்த வாரம் காலேஜ்ல பொறுப்புல இருந்த ஒரு சார் காதுக்குப் போச்சு. கூப்பிட்டு அனுப்பினார். டீ வாங்கிக் குடுத்தார். “அந்தப் பக்கத்தை யார் பார்க்கிறாங்க, எந்த நேரத்துல பார்க்கிறாங்கன்னு மட்டும் லிஸ்ட் குடுங்கப்பா. மீதியை நாங்க பார்த்துக்கறோம். மாணவர் பாதுகாப்புக்காகத்தான்” என்றார்.

மீதியை எப்படிப் பார்த்துப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியும். ஹாஸ்டல் வைஃபைக்குள்ள நுழையணும்னா ரெஜிஸ்டர் நம்பர் போடணும். எந்த நம்பர், எத்தனை மணிக்கு, எந்த சைட்டுக்குப் போச்சுன்னு அங்கே பதிவாகும். சைட்டுக்குப் பூட்டு அடையாளம் இருக்கிறதால, உள்ளே எந்தப் பக்கம்னு மட்டும் அதுல தெரியாது. அனலிடிக்ஸ்ல பக்கமும் நேரமும் இருக்கு, பேரு மட்டும் இல்லை. ஒண்ணுல பேரும் நேரமும். இன்னொண்ணுல நேரமும் பக்கமும். ரெண்டு பாதியையும் பக்கத்துல வெச்சா போதும், 2.40-ங்கிற அந்த ஒரு நிமிஷம் ரெண்டையும் தைச்சுடும். தனித்தனியா பார்த்தா ரெண்டு நோட்டுமே சாதுதான்.

அதுலயும் ஒரு ஆபத்து. ஹாஸ்டல்ல ஒருத்தன் ரெஜிஸ்டர் நம்பர்ல நாலு பேர் வைஃபை ஓட்டுவாங்க, தெரியும்ல? கான்சாஸ் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி, சம்பந்தமே இல்லாத ஒருத்தனைக் கூப்பிட்டு, “என்னப்பா உனக்குப் பிரச்னை?”ன்னு கேட்டா, அந்தச் செய்தி அன்னிக்கு சாயங்காலமே பிளாக் பூரா பரவிடும். நிஜமாவே பயந்துட்டிருக்கிற பையனோ பொண்ணோ அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறப்பாங்களா? அவங்களை மிரட்டிட்டிருக்கிறவங்க காதுக்கும் அதே செய்தி போகுமே!

அக்காதான் பேசினாங்க. குரல் நடுங்கிச்சு, ஆனா நிறுத்தலை. “சார், அவங்க தேடி வரணும் சார். நாம போய்ப் பிடிக்கக் கூடாது. பக்கத்துல உங்க நம்பரையும் போட்டுடறோம். அவங்க கூப்பிட்டா நீங்க பேசுங்க.”

சார் கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துட்டிருந்தார். “காலேஜ் பேரு வெளியே போயிடக் கூடாதேன்னுதான்...” என்று இழுத்தார். அப்புறம், “சரி, நம்பரைப் போடுங்க” என்றார். அவர் அக்கறையில கேட்டாரா, பயத்துல கேட்டாரான்னு எனக்கு இன்னும் பிடிபடலை. ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

அன்னிக்கு ராத்திரியே அந்தப் பக்கத்துல இருந்து ஸ்கிரிப்ட்டைப் பிடுங்கினோம். அது மட்டும் போதாதே... ஏற்கெனவே எழுதின நோட்டு அங்கேயே இருக்கே! கூகுள் அனலிடிக்ஸ்ல ஒரு ‘ப்ராப்பர்ட்டி’யைக் குப்பைத்தொட்டியில போட்டாலும் 35 நாள் அங்கேயே கிடக்கும். அதுவரைக்கும் அனுமதி இருக்கிறவங்க யார் வேணும்னாலும் மீட்டெடுக்கலாம். அனுமதி எங்க மூணு பேர்கிட்ட மட்டும்தான் இருந்தது. பழையதை மொத்தமா குப்பையில தள்ளிட்டு, கொஸ்டின் பேப்பர் பக்கங்களுக்கு மட்டும் புதுசா ஒண்ணு தொடங்கினோம். ஒரு வருஷத்து கிராஃப், எக்ஸாம் ராத்திரி ராக்கெட் எல்லாம் போச்சு. ரூம்மேட் காலண்டர்ல 35-வது நாளை வட்டம் போட்டு வெச்சிருந்தான். இனி யார் எத்தனை டீ வாங்கிக் குடுத்தாலும் எங்ககிட்ட சொல்ல எதுவும் கிடையாது.

இதுல ஒரு நஷ்டம் இருக்கு, மறைக்க விரும்பலை. 2.40-க்கு வந்தவங்க அதுக்கப்புறம் வந்தாங்களா, ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணினாங்களா, அந்தப் பக்கத்தால யாருக்காவது நல்லது நடந்ததா... எதுவும் எங்களுக்குத் தெரியாது. அக்கா ஒருநாள், “ஒரே ஒருத்தர் படிச்சாங்கன்னாவது தெரிஞ்சா நல்லா இருக்கும்ல?” என்றாங்க. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை.

எங்க காலேஜ் கதை சின்னது. பெரிய வாசல்கள்ல நடந்ததைப் பாருங்க. அமெரிக்காவுல காலேஜ் படிக்க அரசு உதவித்தொகை வேணும்னா ‘ஃபாஃப்சா’ங்கிற படிவத்தை ஆன்லைன்ல நிரப்பணும். 2022 ஏப்ரல்ல ‘தி மார்க்அப்’ங்கிற இணையப் பத்திரிகை அந்த அரசு சைட்டைச் சோதிச்சது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வர்ற மாணவர்களோட பேரும் ஈமெயிலும் பேஸ்புக்குக்குப் போயிட்டிருந்தது. பிக்ஸல் பண்ணின வேலை! ரெண்டு மாசம் கழிச்சு அதே பத்திரிகை பெரிய ஆஸ்பத்திரிகளோட சைட்களைப் பார்த்தது. 100-ல 33-ல அதே பிக்ஸல். எந்த டாக்டரை, எந்த நோய்க்காகப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கேட்கிறாங்கங்கிற தகவல்கூட வெளியே போயிருந்தது.

மொய்க்காரர் நல்லவராவே இருக்கட்டும். அவர் நோட்டை வேற யாராவது பிடுங்கினா? 2018 நவம்பர்ல இதுவும் நடந்தது. அந்த அயர்லாந்துப் பையன் ஆரம்பிச்ச ஸ்டாட்கவுண்டர், அப்ப 20 லட்சம் சைட்களுக்கு மேல ஓடிட்டிருந்தது. யாரோ உள்ளே புகுந்து அதோட ஸ்கிரிப்ட்டுக்கு நடுவுல சில வரிகளைச் சொருகிட்டாங்க. எல்லாரையும் அது தொடலை. ‘கேட் ஐ.ஓ.’ங்கிற கிரிப்டோ சந்தையில பிட்காயினை வெளியே எடுக்கிற பக்கத்துல மட்டும் கண்ணைத் திறக்கும். நீங்க பணம் அனுப்ப வேண்டிய அட்ரஸை நைஸா மாத்தி, திருடனோட அட்ரஸைப் போடும். ‘ஈசெட்’ங்கிற பாதுகாப்பு நிறுவனம்தான் கண்டுபிடிச்சது. ஆக, வர்றவங்களை எண்ணத்தானே ஒட்டினோம்னு நாம நினைக்கிற அந்த ரெண்டு வரிக்கு, நம்ம பக்கத்துல எதை வேணும்னாலும் மாத்தி எழுதற அதிகாரம் இருக்கு. இது நிறைய வெப் டிசைன் கிளாஸ்ல சொல்லித்தராத சங்கதி.

சட்டம் என்ன சொல்லுது? ஐரோப்பாவுல மேக்ஸ் ஷ்ரெம்ஸ்ங்கிற வக்கீலோட அமைப்பு 2020-ல 101 புகார் போட்டது. அதுல ஒண்ணுல, கூகுள் அனலிடிக்ஸ் போட்டது தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம்னு ஆஸ்திரிய அமைப்பு எடுத்த முடிவு 2022 ஜனவரியில வெளிவந்தது. அடுத்து பிரான்ஸ், இத்தாலின்னு வரிசையா வந்தாங்க. நம்ம நாட்டுல 2017-ல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. 2023-ல டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பர்ல விதிகள் வெளியாகி, கட்டம் கட்டமா அமலுக்கு வருது. அந்தச் சட்டத்துல 18 வயசு முடியாதவங்க எல்லாரும் ‘குழந்தை’. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாதுங்குது. 17 வயசுல ஃபர்ஸ்ட் இயர் வந்து நிக்கிற, மீசை முளைச்ச நம்ம ஆளும் சட்டப்படி குழந்தைதான்! ஆனா, விதிகளோட பின்னிணைப்புல கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கு... கல்விப் பணிகளுக்காகவும், குழந்தைகளோட பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கலாம். ‘பாதுகாப்புக்காக.’ டீ வாங்கிக் குடுத்த சார் சொன்ன அதே வார்த்தை!

அதுக்காக எண்ணவே கூடாதா? தாராளமா எண்ணலாம். எந்த சர்வரும் யார் எந்தப் பக்கம் கேட்டாங்கன்னு தானாவே ஒரு பதிவேடு எழுதும். அதை அலசித் தர்ற ‘ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ்’ மாதிரி பழைய, அழகில்லாத, ஆனா உருப்படியான சாஃப்ட்வேர் இருக்கு. அந்தப் பதிவேட்டுல ஐ.பி. அட்ரஸ் இருக்கும்ங்கிறதால அதை எத்தனை நாள் வெச்சுக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். 2007-ல ‘பிவிக்’னு பிறந்து 2018-ல பேரு மாத்திக்கிட்ட ‘மடோமோ’வை உங்க சர்வர்லயே நிறுவிக்கலாம். வெளியாள் வேண்டாம், வீட்டு ஆளே மொய் எழுதின மாதிரி. குக்கீயே வைக்காத சின்னச் சின்ன கவுன்ட்டர்களும் வந்தாச்சு. எதைப் போட்டாலும் கணக்கு துல்லியமா வராது. நிறையப் பேர் ப்ரௌசர்ல தடுப்பான் போட்டிருக்காங்க, இன்னொரு பக்கம் மனுஷனே இல்லாத பாட்கள் வந்து எண்ணிக்கையை ஏத்திவிட்டுப் போகும். ‘நேத்து 212 பேர் வந்தாங்க’ன்னு யாராவது சீன் போட்டா சிரிச்சுட்டு விட்டுடுங்க.

சைட் வெச்சிருக்காதவங்களும் ஒண்ணு பண்ணிப் பார்க்கலாம். லேப்டாப்ல ப்ரௌசரைத் திறந்து, நீங்க அடிக்கடி போற ஏதாவது ஒரு சைட்டுக்குப் போங்க. எக்ஸாம் ரிசல்ட் பார்க்கிறது, பஸ் புக் பண்றது, மருந்து வாங்கறது, எதுவா இருந்தாலும் சரி. எஃப்12 பட்டனைத் தட்டி, ‘நெட்வொர்க்’ங்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தை ஒருமுறை ரீலோடு பண்ணுங்க. மளமளன்னு ஒரு பட்டியல் ஓடும். அதுல அந்த சைட்டோட பேரு இல்லாத வேற முகவரிகளை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிட்டே வாங்க. எழுத்துரு, படம், வீடியோன்னு வேற வேலையா வந்தவங்களை அடிச்சுட்டு, மிச்சத்தை எண்ணுங்க. ரூம்மேட் இதை எங்க ப்ளாக்ல ஒரு போட்டியாவே நடத்தினான். ஜெயிச்ச சைட்டுக்கு 23!